பன்னிரண்டு வோல்ட் சுடாது

நம் கம்பத்துப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார். கரண்ட் இல்லாத அந்தக் காலம்தான் சொர்க்கமாம். பேட்டரியில் டிவி ஓடியதாம், முழுக் கம்பமும் ஒரே குடும்பமாகத் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தோமாம். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள்.

நம் எல்லாருக்கும் அறுபது வந்துவிட்டது. பிடித்ததை மட்டும் வடிகட்டி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அந்த டிவி எங்கள் வீட்டு டிவி. அந்த பேட்டரி எங்கள் வீட்டு பேட்டரி. அதனால் நானும் எழுதுகிறேன். சொர்க்கம் கிர்க்கம் எல்லாம் இதில் இருக்காது.

இடம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்கை வே தொழிற்சாலைகளுக்குப் பின்னால், சாக்கடைக்கும் செம்மண் மேட்டுக்கும் நடுவில் இருந்த கம்பம் அது, மலாயில் கிராமம் என்று அர்த்தம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள். நிலம் நம்முடையது இல்லை, அதனால் மின்சாரம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் தலைக்கு நேர் மேலே, பெரிய பெரிய இரும்புக் கோபுரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் போயின. மழை விட்டதும் அந்தக் கம்பிகள் வயிற்று வலிக்காரனைப் போல முனகும். அந்தச் சத்தத்துக்குக் கீழே நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினோம். ஊருக்குப் போகிற வெளிச்சம் எங்கள் கூரை மேல் நடந்து போனது. அப்போது அது யாருக்கும் கோபமாகப் படவில்லை. எனக்கு இப்போது படுகிறது.

அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அவர் தம்பி, எங்கள் சித்தப்பா, ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டில் சுவரில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். அது ஒன்றே போதும், எங்கள் குடும்பத்தில் அவர் மின்சார நிபுணர் ஆகிவிட்டார். அப்பா அவர் சொன்னால் தலையாட்டுவார். தம்பி ஆங்கிலம் படித்தவன், தம்பி பேனா பிடிக்கிறவன். அப்பாவின் கையில் பிடிப்பது ரம்பம்.

சித்தப்பா புது டிவி வாங்கியதும் பழையதை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு வெள்ளை, சின்னப் பெட்டி, பின்பக்கம் பேட்டரியில் ஓட்டுவதற்கு ஒரு துளை. லோரி பேட்டரி ஒன்றும் எங்கிருந்தோ வந்தது. கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே இரண்டு ஈயக் குமிழ், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். அப்பா அதை சைக்கிள் கேரியரில் பலகை வைத்துக் கட்டி, பெரிய ரோட்டு பேட்டரி கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் சார்ஜ் போடக் கொண்டுபோவார். வரும்போது அதன் திராவகம் சட்டையில் தெறித்திருக்கும். துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் தெரியும், சட்டை முதுகில் சல்லடை போல ஓட்டைகள். வீட்டுக்குள் அந்தத் திராவக நெடி எப்போதும் இருந்தது. புளிப்பும் இல்லை, எரிப்பும் இல்லை. நாக்கின் அடியில் காசை வைத்தது போல ஒரு நெடி. இன்று பணிமனைப் பக்கம் போனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் வீட்டு முன் அறைதான்.

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் டிவிக்காரன் தமிழ்ப் படம் போடுவான். நீங்கள் எல்லாரும் பாயோடு வந்துவிடுவீர்கள். படம் முக்கால்வாசி போனதும் பேட்டரி இறங்க ஆரம்பிக்கும். திரையின் நாலு ஓரமும் கறுத்து, படம் நடுவில் சுருங்கிக்கொண்டே போகும். கதாநாயகன் சண்டை போட்டபடியே கட்டை விரல் அளவுக்கு வந்துவிடுவான்.

"ஐயோ, ஆள் தேய்ஞ்சிட்டான்லா!" என்று பக்கத்து வீட்டு ஆன்டி கத்துவார். "அடிடா, மறையறதுக்குள்ள அடிச்சிரு!"

வில்லன் செத்தானா இல்லையா என்று தெரியாமலே பல படங்கள் முடிந்தன. படம் போடும் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் சித்தப்பாவை ஆன்டி அதற்காகச் சீண்டுவார். "ரயில்வேகாரரே, உங்க டிவியில எல்லா வில்லனும் உயிரோடதான் இருக்கான்." சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. இன்னொரு லோரி பேட்டரியைப் பிடித்து வந்தார். இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பிளஸை பிளஸோடு, மைனஸை மைனஸோடு, தடித்த கம்பியால்.

"வோல்ட்டு கூடிடாதா தம்பி?" என்று அப்பா கேட்டார். அவருக்கு பயம்.

"கூடாதுண்ணே. இப்படிச் சேர்த்தா ரெண்டும் சேர்ந்து பன்னெண்டு வோல்ட்டுதான். படம் மட்டும் ரெண்டு மடங்கு நேரம் ஓடும்."

சொன்னது சரிதான். அங்கேதான் தொல்லை. சரியான ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் யோசிக்காமல் நிறுத்திக்கொள்கிற ஆட்களை நான் இன்றுவரை நம்புவதில்லை.

பேட்டரிகளை வைக்க ஒரு பால் டின் மரப்பெட்டிதான் இருந்தது. இரண்டும் அதில் பக்கத்துப் பக்கமாக நேராக உட்காரவில்லை. சித்தப்பா ஒன்றைத் திருப்பி வைத்தார், தலைமாடு கால்மாடாக. அப்படி வைத்ததும் ஒன்றின் பிளஸ் குமிழும் மற்றதின் மைனஸ் குமிழும் நெருங்கிவிட்டன. நடுவில் மூன்று விரல் நுழையும். அவ்வளவுதான் இடைவெளி.

பிறகு ஒரு வித்தை காட்டினார். எங்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து, ஒரு கையைப் பிளஸில், ஒரு கையை மைனஸில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் அவர் வைத்தார். பல்லைக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. நாங்களும் வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஈயம் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். உங்களில் பலர் அந்த வரிசையில் நின்றீர்கள்.

"மேல பாரு," என்றார் சித்தப்பா, கூரைக்கு மேலே முனகும் கம்பியைக் காட்டி. "அதுதான் வோல்ட்டு. அதைத் தொட்டா சாம்பல். இது பன்னெண்டு வோல்ட்டு. இது ஒன்னும் பண்ணாது. வோல்ட்டுதான் ஆளைக் கொல்லும், ஞாபகம் வச்சுக்குங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

அந்த வருடம் அக்காவுக்குப் பதினெட்டு. சுங்கை வேயில் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் பெண்பிள்ளைகளை எடுத்துக்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பிடித்து ஒட்டுகிற வேலை. அக்காவும் போய் வரிசையில் நின்றாள். கண்ணைச் சோதித்தார்களாம். சின்னச் சாமணம் கொடுத்து ஊசி ஊசியாகப் பொறுக்கி வைக்கச் சொன்னார்களாம். அக்காவின் விரல்கள் நிதானமானவை. பூ கட்டினால் ஒரு காம்பு துருத்தாது. எடுத்துக்கொண்டார்கள். மாதம் பிறந்ததும் வா, பஸ் ரோட்டு முனைக்கு வரும் என்றார்கள். ஒரே ஒரு சட்டம்: கையில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், கடிகாரம், எதுவும்.

அக்காவின் இடது மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பு இருந்தது. மெல்லியது, நாணல் தடிமன்கூட இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டாள் என்று சொன்னபோது, கம்பத்து முனியாண்டி கோயிலில் மந்திரித்துப் போட்டது. வளர வளர அதை நெகிழ்த்தி விட்டார்கள், கழற்றவில்லை. கல்யாணத்தன்று கழற்றிச் சாமி காலடியில் வைக்கிறேன் என்பது அப்பாவின் வேண்டுதல்.

"வேலைக்காகக் கழட்டறதா? நான் வாக்கு கொடுத்தது சாமிக்கு, பெக்டரிக்கு இல்ல," என்றார் அப்பா.

"அந்தக் காப்பு அவ உயிருக்காகப் போட்டது. உயிரோடதான இருக்கா? வேலைக்குப் போனா நல்லாவும் இருப்பா," என்றார் அம்மா.

இப்படிப் பல நாள் போனது. அக்கா சண்டை போடவில்லை. சட்டையைத் தைத்து வைத்தாள், செருப்பைக் கழுவி வைத்தாள். கடைசியில் அம்மா பூசாரியிடம் போய்ப் பேசினார். பூஜை போட்டு முறையாகக் கழற்றலாம், தோஷம் இல்லை என்று பூசாரி சொன்னார். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

அதற்கு முன்னால் படம் போடும் நாள் வந்துவிட்டது.

அன்று படம் ஓடும்போது திரை குதித்தது. சித்தப்பா பாயில் சாய்ந்திருந்தார். "அந்த ரெண்டாவது பேட்டரியில கிளிப்பு லூஸா இருக்கும், கொஞ்சம் அமுக்கும்மா," என்றார். அக்காதான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். டிவி வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் இல்லை. குனிந்து இடது கையை இரண்டு பேட்டரிக்கும் நடுவில் விட்டாள்.

"டப்" என்று ஒரு சத்தம். நீலமும் வெள்ளையுமாக ஒரு பொறி. டிவி அணைந்துவிட்டது. அந்த இருட்டில் அக்காவின் மணிக்கட்டில் ஒரு வளையம் மட்டும் மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. அவள் கையை இழுத்தாள், வரவில்லை. காப்பு ஈயக் குமிழோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை இழுத்ததும் பெட்டியோடு சேர்ந்து விழுந்தாள். கத்தல் அதற்குப் பிறகுதான் வந்தது. சதை வெந்த நாற்றம் திராவக நெடியைத் தாண்டி மூக்கில் ஏறியது.

அப்பா ஓடிப்போய்க் கிச்சாப் புட்டியைக் கொண்டுவந்து காயத்தில் ஊற்றினார். தீக்காயத்துக்கு அந்தக் காலத்து வைத்தியம் அதுதான், சோற்றுக்கு ஊற்றும் சோயா. அக்காவின் கை கறுப்பாக வழிந்தது. மணிக்கட்டு கண் முன்னால் வீங்கிக் காப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. அம்மா தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார்.

"வெட்டாத! பூசாரி வரட்டும்," என்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்தார்.

"கை வேணுமா, காப்பு வேணுமா? இப்பவே சொல்லுங்க."

அம்மா வெட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்கள். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல் அசைகிறது, தழும்பு நிற்கும் என்றார்கள். விரல் அசைகிறது என்றதும் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை தப்பித்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் வீட்டில் பேச்சு நடந்தது. அப்பா, சித்தப்பா, பூசாரி, பக்கத்து வீட்டு ஆன்டி. அக்கா அறைக்குள் படுத்திருந்தாள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் விரலில் ஒரு கொப்புளம் இல்லை, உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, காப்பு இருந்த இடம் மட்டும் வட்டம் போட்டது போல வெந்திருக்கிறது. பூசாரியை உறுத்தியது அதுதான்.

"கரண்ட்டு சுட்டிருக்குமோ?" என்று அவர் சித்தப்பாவைக் கேட்டார். அந்த மனிதர் நியாயமாகத்தான் கேட்டார்.

"வாய்ப்பே இல்லீங்க," என்றார் சித்தப்பா. "பன்னெண்டு வோல்ட்டு சுடாது. நானே ரெண்டு கையாலயும் புடிச்சு காட்டியிருக்கேன். இந்தக் கம்பத்துப் பிள்ளைங்க அத்தனையும் தொட்டிருக்கு. இவகூட தொட்டிருக்கா."

"அப்ப சுட்டது யாரு?"

அப்பாவுக்கு பதில் கிடைத்துவிட்டது. "கழட்டறேன்னு நினைச்சதுக்கே காட்டிடுச்சு," என்றார். அவர் உண்மையாகவே பயந்திருந்தார். அடுத்த பௌர்ணமிக்குப் புதுக் காப்பு செய்து, வலது கையில் போடுவது என்று முடிவானது. போட்டுவிட்டால் கல்யாணம்வரை கழற்ற முடியாது. பெக்டரி பேச்சு முடிந்தது.

சித்தப்பா பொய் சொன்னார் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். பூசாரிகூட இரண்டு பக்கமும் யோசித்தார். படித்த மனிதர்தான் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார்.

இதை நான் பல வருடம் கழித்துத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். பள்ளியில் நான்காம் படிவத்தில் ஆசிரியை பலகையில் ஒரு வரி எழுதினார். மின்னோட்டம் என்பது மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் வருவது. மற்ற பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வோல்ட் என்பது தள்ளுகிற பலம், அவ்வளவுதான். ஓடுவது கரண்ட். எவ்வளவு ஓடும் என்பது குறுக்கே என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த தோல் பெரிய தடை. பன்னிரண்டு வோல்ட் அதை முட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதனால்தான் நாங்கள் வரிசையில் நின்று தொட்டும் ஒன்றும் ஆகவில்லை. செம்பில் தடை என்று சொல்லவே ஒன்றும் இல்லை. அதே பன்னிரண்டு வோல்ட், குறுக்கே ஒரு செம்பு வளையம் விழுந்தால், பேட்டரியில் இருக்கிற அத்தனையும் அதன் வழியே பாயும். ஒரு பேட்டரி இல்லை, இரண்டு. சித்தப்பா சேர்த்துக் கட்டியதில் வோல்ட் கூடவில்லை. கரண்ட்டுக்கான வழிதான் இரண்டாகியது. காப்பு நெருப்பானது, அதற்குள் இருந்த கை வெந்தது.

தலைக்கு மேலே போன கம்பியில் அவ்வளவு வோல்ட் ஏற்றியதே, அவ்வளவு சக்தியையும் கொஞ்சம் கரண்ட்டில் அனுப்பத்தான். கரண்ட் கூடினால் அந்தக் கம்பியே சூடாகும். எது சுடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் தெரியவில்லை.

ஒரு வரிக் கணக்கு. அந்த வரி தெரியாததால் ஒரு பெண்ணின் வேலையைச் சாமி பெயரில் எழுதி வைத்தார்கள்.

ஆனால் அக்காவுக்கு அந்த வரி தேவைப்படவில்லை. அவள் அறைக்குள் படுத்தபடி எல்லாப் பேச்சையும் கேட்டிருந்தாள்.

அடுத்த வாரமும் படம் போட்டான். சித்தப்பா கிளிப்புகளைச் சரிசெய்து வைத்தார். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாருக்கும் சந்தோஷம். நீங்கள் எல்லாரும் பாயோடு வந்தீர்கள். அக்கா கையில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள், நீங்கள் படம் பார்த்தீர்கள். ஒரே குடும்பம் என்று எழுதுகிறீர்களே, இதையும் சேர்த்து எழுதுங்கள்.

நடுவில் மலாய்ச் செய்திக்காகப் படத்தை நிறுத்துவான். எல்லாரும் கால் நீட்டுவார்கள், ஆன்டி வெற்றிலை மடிப்பார். அப்போது அக்கா எழுந்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு நீளக் கரண்டியை எடுத்து வந்தாள். மெல்லிய இரும்புக் காம்பு. குழிப் பக்கத்தைச் சாக்குத் துணியால் மொத்தமாகச் சுற்றி வலது கையில் பிடித்திருந்தாள்.

"சித்தப்பா, பன்னெண்டு வோல்ட்டு சுடாதுல்ல?"

"சுடாதும்மா. எத்தனை தடவை சொல்றது?"

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"சுடாது! போய் உக்காரு."

அக்கா பெட்டிக்கு அருகில் போய்க் கரண்டிக் காம்பை இரண்டு குமிழுக்கும் குறுக்கே வைத்தாள்.

வெடித்தது போல ஒரு சத்தம். பொறி தெறித்தது. டிவி செத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். இருட்டில் கரண்டிக் காம்பு முதலில் மங்கலாக, பிறகு நன்றாகச் சிவந்து, பிறகு ஆரஞ்சு நிறமாக ஆகி, நடுவில் வளைந்தது. பேட்டரி மூடிகள் உஸ் என்று கொதித்தன. சித்தப்பா துடைப்பக் கட்டையால் அடித்து அதைத் தள்ளினார். தரைப் பலகையில் விழுந்து புகைந்தது. அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார்.

அக்கா அப்பாவைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கரண்டி எந்த பெக்டரிக்கு வேலைக்குப் போகப் பாத்துச்சுப்பா?"

முதலில் சிரித்தது ஆன்டி. "அண்ணே, இதுக்கும் ஒரு காப்பு போட்டு விடுங்க," என்றார். பிறகு எல்லாரும் சிரித்தீர்கள். அப்பா சிரிக்கவில்லை.

"அது ஷார்ட்டு," என்றார் சித்தப்பா. "கரண்ட்டு வேற, ஷார்ட்டு வேற."

"அப்ப அன்னிக்கு என் கையில வந்தது எது?"

சித்தப்பா குனிந்து கிளிப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். "படம் ஆரம்பிக்கப் போவுது," என்றார். டிவி வரவில்லை. அன்றும் வில்லன் சாகவில்லை.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனம் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. பௌர்ணமி வந்தது, அவர் கோயிலுக்குப் போகவில்லை. புதுக் காப்பும் வரவில்லை. அக்காவோடு பேசவும் இல்லை. மாதம் பிறந்த அன்று பஸ் வரும் நேரத்துக்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டார். நம் ஆண்கள் தோற்றுப்போனால் இப்படித்தான். தோற்றேன் என்று சொல்ல மாட்டார்கள், வீட்டில் இல்லாமல் போய்விடுவார்கள். அம்மா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அக்காவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்.

அன்று முழுக்க அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். காயம் மூடியிருந்தது, ஆனால் கட்டு இன்னும் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கு பயம். அக்கா மதியம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தொழிற்சாலை பஸ் ரோட்டு முனையில் நின்றது. அக்கா இறங்கி வந்தாள். புதுத் துணி வாடையும், என்னவென்று தெரியாத ஒரு மருந்து வாடையும் அவள் மேல் அடித்தன.

"என்னாச்சு? எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கம்மா."

"கையைப் பாத்து கேக்கலயா?"

"கேட்டாங்க. கேட்லயே அந்த சீன சூப்பர்வைசரம்மா கட்டை அவுத்துப் பாத்தாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் சொன்னாள். "முதல்ல பேட்டரின்னு சொல்ல வந்தேன். அப்புறம் அவங்க எத்தனை வோல்ட்டுன்னு கேப்பாங்க. நான் பன்னெண்டுன்னு சொல்லணும். அங்க போயும் ஒரு கரண்டியைத் தேட முடியுமா? எண்ணெய்ச் சட்டி சாஞ்சிருச்சுன்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பாம? 'சமைக்கிறப்போ பாத்து சமைக்கக் கூடாதா'ன்னு கேட்டுட்டு உள்ள போகச் சொல்லிட்டாங்க."

அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா அந்தத் தொழிற்சாலையிலேயே முடி நரைக்கும்வரை வேலை பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள், கட்டிக்கொண்டவர், பிள்ளைகள், தழும்பைப் பார்த்த எல்லாரிடமும் எண்ணெய் என்றே சொன்னாள். ஒருத்தர்கூட மறு கேள்வி கேட்டதில்லை. பெண் ஒருத்தி அடுப்படியில் வெந்தாள் என்றால், எந்த ஊரிலும் அதற்குக் கணக்குத் தேவைப்படுவதில்லை.